ஒட்டிய புரதம் எப்படிக் கழல்கிறது?

உவர்மலையிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். லக் ஒபரோன் என்பது ஈ. கோலை என்ற பற்றீரியாவில் பால் வெல்லமான இலற்றோசைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதி, அடக்கி அதை மூடி வைக்கும் புரதம். கேள்வி இது: "லக் ஒபரோனில் அடக்கிப் புரதம் டிஎன்ஏயை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், இலற்றோசு வந்ததும் விட்டுவிடும் என்று படிக்கிறோம். அவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது எப்படி விடுகிறது? ஏற்கெனவே டிஎன்ஏயில் உட்கார்ந்திருக்கும் புரதத்தை இன்னொரு புரதம் வந்து எழுப்ப முடியுமா? வகுப்பில் கேட்டேன், சிலபசில் இல்லை என்றார்கள்."

சிலபசில் இல்லைத்தான். ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. எழுப்பவும் முடியும், இடம் மாற்றவும் முடியும், உட்கார்ந்த இடத்திலேயே வளைத்து வேறு வேலை வாங்கவும் முடியும். மரபணு எப்போது படியெடுக்கப்படும், எப்போது நிற்கும் என்பதில் எந்தப் புரதம் போய் ஒட்டுகிறது என்பது பாதிக் கதைதான். ஒட்டியதை யார், எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது மற்றப் பாதி. நம் புத்தகங்கள் முதற்பாதியோடு கடையைச் சாத்திவிடுகின்றன.

முதலில் லக் ஒபரோனை முடித்துவிடுவோம். ஜேக்கபும் மோனோவும் 1961இல் இந்தக் கருத்தை எழுதியபோது அடக்கி என்ன பொருள் என்றே தெரியாது. அது ஆர்என்ஏயாக இருக்கலாம் என்றுகூட நினைத்தார்கள். கில்பேர்ட்டும் முல்லர்-ஹில்லும் 1966இல் அதைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது புரதம் என்று உறுதியானது. ஈ. கோலை கலம் ஒன்றில் இது பத்துப் பிரதி அளவில்தான் இருக்கும். ஒவ்வொன்றும் நான்கு துண்டுகள் சேர்ந்தது. அதனால் அதற்கு டிஎன்ஏயைப் பிடிக்க இரண்டு பிடிகள் உண்டு. ஒரு பிடி இயக்கி என்ற முதன்மை இடத்தில் இருக்கும், மற்றது சற்றுத் தள்ளியுள்ள இன்னோர் இடத்தைப் பிடிக்கும், நடுவிலுள்ள டிஎன்ஏ வளையமாக மடிந்துவிடும். ஒரு பிடி நழுவினாலும் மற்றப் பிடி புரதத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும். பிறகு இலற்றோசிலிருந்து உண்டாகும் அலோலக்டோசு என்ற தூண்டி வந்து புரதத்தின் வயிற்றுப் பக்கத்தில் உட்காருகிறது. அது டிஎன்ஏயைத் தொடுவதே இல்லை. வயிற்றில் நடந்த மாற்றம் கால்வரை போய், டிஎன்ஏயைப் பிடிக்கும் பகுதிகள் சரியான இடைவெளியில் நிற்க முடியாமற்போகின்றன. பிடி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தளர்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, தூண்டி வெளியில் சுற்றித் திரியும் அடக்கியை மட்டும் பிடிப்பதில்லை. டிஎன்ஏயில் ஏற்கெனவே இருக்கும் அடக்கியின் உருவத்தையும் மாற்றுகிறது.

தூண்டி இல்லாவிட்டாலும் அடக்கி ஆணியடித்ததுபோல் இருப்பதில்லை. உயிருள்ள பற்றீரியாவுக்குள் அதற்கு ஒளிரும் புரதத்தை ஒட்டிப் பார்த்தபோது, ஒருமுறை உட்கார்ந்தால் சராசரி ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று 2014இல் அளந்தார்கள். நல்ல சாப்பாடு கிடைத்தால் ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். அந்தக் கணக்கில் ஐந்து நிமிடம் சின்ன நேரமில்லை.

சரி, இனி இன்னொரு புரதம் வந்து எழுப்புவது.

இரசாயன இயக்கவியலில் முதலாம் வரிசைத் தாக்கம் படித்திருப்பீர்கள். ஒட்டியிருக்கும் ஒன்று தானாகக் கழல்வது அப்படியான தாக்கம், அதன் வேகம் சுற்றியுள்ள செறிவில் தங்கியிருக்காது என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். கரைசலில் எத்தனை புரதம் மிதந்தாலும், உட்கார்ந்திருப்பவர் எழும்புகிற வேகம் அவர் சொந்த விடயம். கணக்கில் அழகாக வரும். நானும் பல வருடம் நம்பினேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் திருகோணமலை பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிய எவருக்கும் வேறு விதி தெரியும். வெறும் பஸ்ஸில் நீங்கள் மேலே வைத்த பையை எடுக்க அரைவாசி எழும்பினால், எடுத்துவிட்டுத் திரும்ப உட்காரலாம். ஒன்றும் நடக்காது. சனம் நெரியும் பஸ்ஸில் அதே அரை நிமிடம் எழும்பிப் பாருங்கள். பக்கத்தில் நின்ற அம்மா பாதிச் சீட்டில் அமர்ந்திருப்பார். மற்றப் பாதியும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். உங்களை யாரும் தள்ளவில்லை. நீங்களாக ஒருகணம் பாதி எழும்பினீர்கள், அந்தப் பாதி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

டிஎன்ஏயைப் பிடிக்கும் புரதங்களில் பல இரட்டைகள். இரண்டு காலால் ஊன்றி நிற்பவை. வெப்ப அசைவில் ஒரு கால் அடிக்கடி எழும்பி மீண்டும் ஊன்றிக்கொள்ளும். கரைசல் வெறுமையாக இருந்தால் இந்த ஆட்டம் வெளியே தெரியாது, புரதம் அசையாமல் நிற்பதுபோலவே இருக்கும். சுற்றிலும் அதே புரதமோ, அந்த இடத்துக்குப் போட்டியிடும் வேறொன்றோ நிறைய மிதந்தால், எழும்பிய காலின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பழையது ஒற்றைக்காலில் நின்று கடைசியில் விழும். பற்றீரியாவின் ஃபிஸ் என்ற புரதத்தை வைத்து ஜோன் மார்க்கோவும் ரீட் ஜோன்சனும் 2011இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வெளியில் புரதம் இல்லாதபோது நெடுநேரம் ஒட்டியிருந்தவை, கரைசலில் புரதத்தைச் சேர்த்ததும் வேகமாக இடம் மாறின. செறிவு கூடக் கூட வேகமும் கூடியது. புத்தக விதி பிழையல்ல. அது வெறும் பஸ்ஸுக்கு எழுதிய விதி. கலத்துக்குள் எப்போதும் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான்.

இதனால் பற்றீரியாவுக்கு என்ன லாபம் என்று கேட்டால், எனக்குப் பிடித்த உதாரணம் செம்பு. நம் வீடுகளில் செம்புக் குடத்தில் தண்ணீர் வைப்பதும், அதைப் புளி போட்டுத் தேய்ப்பதும் வழக்கம். செம்பு அயன் ஈ. கோலைக்கு நஞ்சு. ஆனால் கொஞ்சம் செம்பு அதற்குத் தேவையும்கூட, சில நொதியங்கள் அது இல்லாமல் ஓடாது. எனவே கலத்துக்குள் செம்பு மிஞ்சினால் உடனே வெளியே இறைக்கும் பம்புப் புரதத்தைச் செய்ய வேண்டும், மிஞ்சாவிட்டால் செய்யக் கூடாது. இந்தக் காவலாளியின் பெயர் கியூ-ஆர். கடை வாசலில் காசு கட்ட ஒட்டியிருக்கும் கியூஆர் இல்லை, உச்சரிப்பு மட்டும் ஒன்று. செம்பை உணர்வதில் அது எவ்வளவு கூர்மை என்றால், கலத்துக்குள் தனியாகத் திரியும் செம்பு அயன் ஒன்றுகூட இல்லாத அளவிலேயே விழித்துக்கொள்ளும் என்று 2003இல் கணக்கிட்டார்கள்.

கியூ-ஆர் வேலை செய்யும் விதம்தான் அழகு. மரபணுவைப் படியெடுக்கும் நொதியமான ஆர்என்ஏ பொலிமரேசு அதன் தொடக்கத்தில் இரண்டு அடையாளங்களைத் தேடும். ஒன்று தொடக்கத்திலிருந்து 35 மூலச்சோடி (டிஎன்ஏ ஏணியின் படிகள்) முன்னால், மற்றது 10 மூலச்சோடி முன்னால். இரண்டுக்கும் நடுவே 17 மூலச்சோடி இருந்தால் அதற்கு வசதி. செம்புப் பம்பின் மரபணுவில் இந்த இடைவெளி 19. இரண்டுதானே கூட என்று நினைக்க வேண்டாம். டிஎன்ஏ முறுக்கேணி. ஒவ்வொரு மூலச்சோடிக்கும் ஏறத்தாழ 34 பாகை திரும்பும். இரண்டு கூடினால் அடையாளங்களில் ஒன்று கிட்டத்தட்ட 70 பாகை மறுபக்கம் திரும்பிவிடும். பொலிமரேசுக்கு இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்க முடியாது. மரபணு தன் இயல்பிலேயே கோணலாகப் பூட்டியிருக்கிறது.

கியூ-ஆர் உட்காருவது சரியாக அந்த நடு இடைவெளியில். செம்பு இல்லாத கியூ-ஆர் அங்கே இருந்தால் கோணல் அப்படியே இருக்கும், மரபணு அடங்கிக் கிடக்கும். செம்பு ஏறிய கியூ-ஆர் அதே இடத்தில் டிஎன்ஏயைப் பலமாக மடித்து, முறுக்கையும் சற்றுத் தளர்த்துகிறது. தூரம் குறைகிறது, தள்ளிப்போன அடையாளம் திரும்பி வருகிறது, பொலிமரேசு வேலையைத் தொடங்குகிறது. கவனியுங்கள், அது பொலிமரேசைக் கைபிடித்து இழுத்து வரவில்லை. தான் நிற்கும் நிலத்தின் வடிவத்தை மாற்றியது, அதோடு சரி. 2015இல் வெளியான படிகப் படங்களில் இரண்டு நிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புரதத்தில் மாற்றம் சிறியது, டிஎன்ஏயின் வளைவில் மாற்றம் பெரியது.

இங்கேதான் உங்கள் கேள்வி வந்து நிற்கிறது. செம்பு ஏறியதும் ஏறாததும் ஒரே இடத்தில், கிட்டத்தட்ட ஒரே பலத்தோடு உட்காரும். லக் அடக்கிபோல ஒன்று பிடித்து மற்றது விடுவதில்லை. செம்பு ஏறிய கியூ-ஆரோ செம்பை எளிதில் விடாது, உள்ளே புதைத்து வைத்திருக்கும். அப்படியானால் செம்புத் தொல்லை தீர்ந்த பிறகு மரபணுவை யார் நிறுத்துவது? அது தானாகக் கழலும்வரை காத்திருந்தால் பம்பு வீணாக ஓடும், தேவையான செம்பையும் வெளியே இறைத்துவிடும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பெங் சென் குழு தனித்தனி மூலக்கூறுகளை ஒளிரவைத்துப் பார்த்து 2012இல் விடை சொன்னது. செம்பு ஏறாத கியூ-ஆர் வந்து, உட்கார்ந்திருப்பதை நேரடியாகவே மாற்றிவிடுகிறது. சில வேளை மாற்றிவிட்டு அதே இடத்தில் அமர்கிறது, சில வேளை பழையதைக் கழற்றிவிட்டுத் தானும் போய்விடுகிறது. கலத்தின் எரிபொருளான ஏடிபி தேவையில்லை, தனி இயந்திரமும் தேவையில்லை. பஸ் சீட்டு விதி போதும். பின்னர் உயிருள்ள பற்றீரியாவிலும் இதைப் பார்த்தார்கள்.

எங்களைப் போன்ற உயிர்களில் கதை நீளம். காரணம், டிஎன்ஏ வெறுமனே கிடப்பதில்லை. மனிதக் கலம் ஒன்றின் டிஎன்ஏயை நீட்டினால் சுமார் இரண்டு மீற்றர். அது மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கருவுக்குள் இருக்க வேண்டும். தங்கூசி நூலைக் கட்டையில் சுற்றி வைப்பதுபோல, 147 மூலச்சோடி நீள டிஎன்ஏ எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான கட்டையை ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கிறது. இதுதான் நியூக்கிளியோசோம். ரொஜர் கோன்பேர்க் 1974இல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார், 1997இல் படிக அமைப்பு அதைத் துல்லியமாகக் காட்டியது. கட்டையில் சுற்றிய பகுதியில் பொலிமரேசுக்கு இடம் கிடைப்பது கடினம். எனவே இங்கே மரபணுவைத் திறப்பது என்றால், பெரும்பாலும் இந்தச் சுற்றைத் தளர்த்துவது அல்லது நகர்த்துவது.

அதற்கென்றே இயந்திரங்கள் உண்டு. முதலில் தெரியவந்தது மதுவத்தில், பாண் புளிக்கவைக்கும் அதே மதுவம்தான். 1980களில் ஒருசாரார் பால்வகை மாற முடியாத மதுவங்களைத் தேடினார்கள். இன்னொருசாரார் சுக்குரோசைப் புளிக்கவைக்க முடியாதவற்றைத் தேடினார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடைசியில் இருவர் கையிலும் ஒரே புரதக் கூட்டத்தின் துண்டுகள் வந்து சேர்ந்தன. அதனால்தான் அதற்கு ஸ்விச்-ஸ்னிஃப் என்று இரட்டைப் பெயர். 1994இல் அது ஏடிபியைச் செலவழித்து நியூக்கிளியோசோமைக் குலைக்கிறது என்று காட்டினார்கள். செய்யும் வேலை ஏறத்தாழ இது: கட்டையை ஒரு பக்கமாகப் பற்றிக்கொள்ளும், அதன் மோட்டார்ப் பகுதி சுற்றின் நடுவிலிருந்து சுமார் 20 மூலச்சோடி தள்ளி டிஎன்ஏயைப் பிடிக்கும், ஒவ்வோர் ஏடிபிக்கும் ஒன்றோ இரண்டோ மூலச்சோடி என்று இழுக்கும். கரைவலை இழுப்பவர்கள் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேபோல. இழுத்த நூல் கட்டையைச் சுற்றி ஓடி மறுபக்கம் வெளியேறும், கட்டை டிஎன்ஏயில் நகரும். நகர்ந்து அடுத்த கட்டையில் முட்டினால் அதைக் கழற்றியும் விடலாம். மூடியிருந்த தொடக்க இடம் வெளியே வந்துவிடும்.

இந்த வகையில் இன்னும் சில உண்டு. கட்டைகளைச் சம இடைவெளியில் அடுக்குபவை, ஹிஸ்டோன்களில் ஒரு சோடியைக் கழற்றி வேறு ரகத்தைச் செருகுபவை. ஹிஸ்டோன் வாலில் அசற்றைல் கூட்டத்தை ஒட்டி அதன் நேர் ஏற்றத்தை அழிக்கும் நொதியங்களும் இருக்கின்றன. டிஎன்ஏ மறை ஏற்றம், ஆகவே பிடி தளரும். அவற்றை விரிக்கப்போனால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

இந்த இயந்திரம் பழுதானால் என்னாகும் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஸ்விச்-ஸ்னிஃப் கூட்டத்தின் ஏதாவது ஒரு துண்டில் பிறழ்வு காணப்படுகிறது. சிறு குழந்தைகளுக்கு வரும் ராப்டொயிட் கட்டி என்ற கொடிய வகையில் அநேகமாக ஒரே ஒரு துண்டின் மரபணு தொலைந்திருப்பதுதான் காரணம், 1998இல் கண்டுபிடித்தார்கள். மற்ற மரபணுக்களின் எழுத்து சரியாக இருந்தும் நூல்கட்டை நகராவிட்டால் போதும்.

இப்போது கொஞ்சம் விசித்திரமான ஒன்று. மரபணுத் தொடக்கங்கள் பலவற்றில் டாட்டா என்ற வரிசை இருக்கும். அதில் ஒரு புரதம் குதிரைச் சேணம்போல ஏறி அமர்ந்து, டிஎன்ஏயை சுமார் 80 பாகை மடிக்கும். 1993இல் அதன் படத்தைப் பார்த்தவர்கள் இவ்வளவு மடிப்பை எதிர்பார்க்கவில்லை. மடித்த இடத்தில்தான் மற்றப் புரதங்களும் பொலிமரேசும் வந்து கூடும். சேணம் இறுக்கமானது, தானாக இறங்க நேரமெடுக்கும். அதை இறக்கவே மொட்-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. ஏடிபியைச் செலவழித்துச் சேணத்தை டிஎன்ஏயிலிருந்து உரித்தெடுக்கும். உரித்த பின் சேணத்தின் உட்பக்கத்தில் தன் கொக்கி ஒன்றைச் செருகியும் வைக்கும், உடனே திரும்ப ஏறிவிடாமல். அந்தக் கொக்கியை 2011இல் வந்த அமைப்பில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஏறியதை இறக்கும் புரதம் என்றால் அது மரபணுக்களை அடக்கும் புரதம் என்றுதானே நினைப்போம்? மொட்-1 இல்லாத மதுவத்தில் சில மரபணுக்கள் கூடின, அது சரி. ஆனால் வேறு பல மரபணுக்கள் குறைந்தன. இறக்குகிறவன் போனதும் ஏன் சில இடத்தில் வேலை நிற்க வேண்டும்?

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அங்கே பாதையில்தான், அதாவது வாகனமும் ஆளும் ஏறும் மிதவையில்தான், கடந்தோம். பாதை இக்கரையில் கட்டிக் கிடந்தால் அக்கரையில் நிற்பவர்களுக்குப் பாதை இல்லை. யாராவது அவிழ்த்துவிட்டால்தான் அங்கே போகும். சேணப் புரதமும் எண்ணிக்கைக்கு உட்பட்டது. மொட்-1 இல்லாதபோது அது டாட்டா உள்ள இடங்களில் மாட்டிக்கொண்டு சும்மா கிடக்கிறது, டாட்டா இல்லாத மரபணுக்களுக்குக் கிடைப்பதில்லை. ஓர் இடத்தில் கழற்றுவது இன்னோர் இடத்தில் ஏற்றுவதாகிறது. அடக்கி, தூண்டி என்று புரதங்களுக்கு நிரந்தரப் பட்டம் கட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லாததற்கு மொட்-1தான் காரணம்.

உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கக் கூடிய ஓர் உதாரணத்தோடு நிறுத்துகிறேன். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) கூடினால் பிரெட்னிசொலோன் குளிசை கொடுப்பார்கள். உடலின் சொந்தக் கோர்ட்டிசோல்போலவே அதுவும் ஓமோனைப் பிடிக்கும் ஒரு வாங்கிப் புரதத்தோடு சேர்ந்து கருவுக்குள் போய் டிஎன்ஏயில் அமர்ந்து மரபணுக்களை இயக்கும். அங்கே அது மணிக்கணக்காக இருக்கும் என்றுதான் முன்பு எண்ணியிருந்தார்கள். 2000இல் கோர்டன் ஹேகர் குழு உயிருள்ள கலத்தில் அந்த வாங்கியை ஒளிரவைத்து, ஒரு புள்ளியின் ஒளியை லேசரால் அணைத்துப் பார்த்தது. சில விநாடிகளிலேயே புதிய வாங்கிகள் வந்து அந்தப் புள்ளி மீண்டும் ஒளிர்ந்தது. உட்கார்ந்தவை எழும்பிப் போய்க்கொண்டே இருக்கின்றன. 2002இல் பிரீமனும் யமமோட்டோவும் இந்த எழும்பலுக்கு பி23 என்ற துணைப் புரதம் உதவுகிறது என்று காட்டினார்கள். மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் ரகம் அது, இங்கே டிஎன்ஏயில் கூடிய கூட்டத்தைக் கலைக்கவும் உதவுகிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? உடல் கோர்ட்டிசோலை ஒரே சீராக விடுவதில்லை. ஏறத்தாழ மணிக்கொரு முறை அலையலையாக விடுகிறது. வாங்கி ஒருமுறை ஒட்டி அப்படியே இருந்துவிட்டால், ஓமோன் இறங்கிய பிறகும் மரபணு ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த அலை வந்ததே அதற்குத் தெரியாது. விநாடிக்கு விநாடி கழன்று, திரும்ப ஒட்டும்போதெல்லாம் ஓமோன் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது.

பரீட்சைக்கு, தங்கச்சி, லக் ஒபரோனைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். கியூ-ஆரையும் மொட்-1ஐயும் எழுதினால் புள்ளித் திட்டத்தில் அவற்றுக்கு இடம் இருக்காது, நேரம்தான் போகும். "அடக்கியின் வடிவம் மாறுவதால் இயக்கியிலிருந்து விலகுகிறது" என்ற வரியை மட்டும் விடாதீர்கள். வடிவம் மாறுவது என்று எழுதாமல், விலகுகிறது என்று மட்டும் எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளைத்தான் நான் வருடா வருடம் பார்க்கிறேன்.